டி சிட்டர் வாதமும் ஒளி அணைதலும்: ஒரு சந்தேகம், உதவுங்களேன்

வணக்கம் நண்பர்களே. எம்.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு. அடுத்த வாரம் செமினார், ஒரே இடத்தில் சிக்கி நிற்கிறேன்.

ஒளியின் வேகம் மூலத்தின் வேகத்தைப் பொறுத்ததல்ல என்பதற்கு 1913-ல் டச்சு வானியலாளர் டி சிட்டர் இரட்டை நட்சத்திரங்களைச் (ஒன்றையொன்று சுற்றும் ஜோடிகளை) சாட்சியாகக் காட்டினார். எங்கள் பாடத்தில் கதை அதோடு முடிந்தது. ஆனால் எவால்ட்–ஓசீன் தேற்றப்படி ஊடகத்துக்குள் நுழையும் ஒளி சீக்கிரமே அணைந்துவிடுகிறது. அங்குள்ள எலக்ட்ரான்கள் மறுபடி உமிழ்வதுதான் முன்னே போகிறது. அப்படியானால் மூலத்தின் வேகத் தடயமே வழியில் அழிந்துபோகுமே! 1960-களில் இயற்பியலாளர் ஃபாக்ஸ் எழுப்பிய ஆட்சேபமும் இதுதான்.

நேற்றிரவு கணக்குப் போட்டேன். 500 நானோமீட்டர் ஒளிக்குக் காற்றில் அணைவு நீளம் (அணைவதற்குள் ஒளி கடக்கும் தூரம்) சுமார் 0.27 மில்லிமீட்டர்தான். மூன்று முறை சரிபார்த்தேன், அதேதான் வருகிறது. நட்சத்திரங்களுக்கு இடையே உள்ள வாயுவில் அலைநீளம் குறையக் குறைய இது நீளும், அதனால்தான் 1977-ல் இயற்பியலாளர் பிரெக்கர் எக்ஸ் கதிர்ப் பல்சர்களை (துடிப்பு விண்மீன்களை) எடுத்துக்கொண்டார். அதுவரை புரிகிறது.

என் கேள்வி: 1964-ல் செர்ன் ஆய்வகத்தில் பயான் என்ற துகளின் சிதைவில் வந்த 6 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் காமா கதிர்களுக்கும் இதே அணைவு நீளச் சூத்திரத்தைப் போடலாமா? ஒற்றை ஃபோட்டானுக்கு ‘அணைதல்’ என்றால் என்ன அர்த்தம்? கைடிடம் கேட்டால் “சிலபஸில் இல்லை” என்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள், ப்ளீஸ்.