குஸ்கோ அரைநாள் சிட்டி டூர்: இன்னும் மனதை விட்டுப் போகாத அந்த ஒரு நிமிடம்

நெல்லைக்காரி:

பெரு நாட்டு மலை நகரம் குஸ்கோ, பழைய இன்கா தலைநகரம். டூரைப் பற்றி விவரிக்கத் தேவையில்லை. மதியம் ஏற்றிக்கொண்டு கொரிகாஞ்சா, சாக்சாய்வாமன், கென்கோ, புக்கா புக்காரா, தம்போமச்சாய் என்று ஓட்டி, இருட்டும்போது கொண்டுவந்து இறக்கிவிடுவார்களே, அதேதான். எனக்கு மற்றதெல்லாம் கலங்கிப்போய்விட்டது. கொரிகாஞ்சா என்கிற இன்கா சூரியன் கோயில் மட்டும் நிற்கிறது.

எங்கள் கைடுக்கு நாற்பது வயது இருக்கும். இரண்டு கற்களுக்கு நடுவே இருக்கும் கோட்டில் நகத்தை வைத்து மேலிருந்து கீழே இழுத்துக் காட்டினார். நகம் எங்கேயும் தட்டவில்லை. சாந்து கிடையாது, சுவர் லேசாக உள்பக்கம் சாய்ந்திருக்கும், வாசலும் மாடமும் மேலே போகப் போகக் குறுகும், அதனால்தான் நிலநடுக்கத்தைத் தாங்கும் என்றார். 1950 மே 21 அன்று வந்த நிலநடுக்கத்தில், இந்தச் சூரியன் கோயிலின் மேல் ஸ்பானியர்கள் கட்டிய சாந்தோ தொமிங்கோ மடம் பலமாக இடிந்தது. இன்கா சுவர்கள் நின்றன. அதுவரை மடத்துக்குள் மறைந்து கிடந்த சுவர்கள்கூட அப்போதுதான் வெளியே தெரிந்தன.

நான் உற்சாகத்தில், "பாருங்கள், வந்தவர்கள் கட்டியது விழுந்தது, உங்கள் முன்னோர் கட்டியது நின்றது!" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். "ஆமாம். எங்கள் பாட்டியின் வீடும் விழுந்தது" என்றார். மண்செங்கல் வீடு. அவ்வளவுதான், அடுத்த அறைக்கு நடக்க ஆரம்பித்துவிட்டார்.

மூன்று வருடம் ஆகிறது. உங்களுக்கும் இப்படி ஏதாவது உண்டா?

சங்குப்பூ:

எனக்கு தம்போமச்சாய். அம்மாவுக்கு 64 வயது. டிக்கெட் கேட்டிலிருந்து அந்த நீரூற்றுக்கு ஏறுகிற பாதையில் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டார். உதடு வெளுத்துப்போயிருந்தது. கூட்டம் கைடோடு மேலே போய்விட்டது.

கீழே வண்டியிலிருந்த டிரைவர் பார்த்துவிட்டு ஏறி வந்தார். சட்டைப்பையிலிருந்து கொஞ்சம் இலை எடுத்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே கசக்கி, அம்மாவின் மூக்கருகே கையைக் குவித்துப் பிடித்தார். முன்யா என்கிற மலைப் புதினா. எனக்கே அந்த வாசனை சுள்ளென்று ஏறியது. அப்புறம் மற்றவர்கள் இறங்கி வரும்வரை அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். அவர் "மமித்தா, மமித்தா" (அம்மா, அம்மா) என்று ஸ்பானிஷில் ஏதோ சொல்ல, அம்மா தமிழில் "ஒண்ணுமில்லப்பா, சரியாயிடும்" என்று அவரைத் தேற்றிக்கொண்டிருந்தார்.

பிளாசாவில், அதாவது ஊர்ச் சதுக்கத்தில் இறங்கும்போது பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்க, அவசரத்தில் அம்மாவை இறக்குவதிலேயே கவனமாக இருந்தேன். திரும்பிப் பார்த்தபோது வண்டி போய்விட்டது. ஒரு நன்றி சொல்லவில்லை. பெயரும் கேட்கவில்லை. அம்மா இன்றைக்கும் கேட்கிறார், "அந்தப் பையன் பேர் என்ன?"

ஆரஞ்சு குடை:

@சங்குப்பூ, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 64 வயது அம்மாவை வந்த அன்றே இந்த டூரில் ஏற்றினீர்களா? உயரம் பழகாமல் போனால் இப்படித்தான் ஆகும். குஸ்கோ கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,400 மீட்டர். டூரில் போகிற மேட்டு இடங்கள் 3,700ஐ ஒட்டி. எனக்கும் கென்கோவில் தலை சுற்றியது, அதனால் சொல்கிறேன்.

இனி போகிறவர்கள் விமான நிலையத்திலிருந்து நேராகப் புனிதப் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுங்கள். அங்கே இருக்கிற ஊர்கள், உருபம்பாவோ ஒல்லான்தாய்தம்போவோ, 2,800 மீட்டரை ஒட்டித்தான். இரண்டு இரவு தங்கி, மச்சு பிச்சுவை (அது 2,430தான்) முடித்துக்கொண்டு கடைசியில் குஸ்கோவுக்கு ஏறுங்கள். முதல் நாள் வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள். உயர நோய்க்கான அசிட்டசோலமைடு மாத்திரையை டாக்டரிடம் கேட்டுவிட்டு எடுங்கள், சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள். கோக்கா இலை போட்ட டீ தாராளமாகக் குடிக்கலாம், ஆனால் வேலையில் போதைப்பொருள் பரிசோதனை இருப்பவர்கள் தொடவே வேண்டாம், இலையை ஊருக்கும் கொண்டுவராதீர்கள். பொலேத்தோ துரிஸ்திகோ என்கிற பொதுச் சுற்றுலா டிக்கெட்டில் கொரிகாஞ்சாவும் பேராலயமும் சேராது, தனியாகக் காசு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்வெட்டர், தொப்பி, இரண்டும் வேண்டும். நான்கு மணிக்கு மேல் வெயில் போனதும் குளிர் எலும்பில் ஏறும்.

சங்குப்பூ:

@ஆரஞ்சு குடை, வந்த அன்று இல்லை. மூன்றாம் நாள். டாக்டரிடமும் கேட்டுத்தான் போனோம்.

கல்தச்சன் பேரன்:

நெல்லைக்காரி சொன்னது கொரிகாஞ்சாவுக்குச் சரி. ஆனால் இதைப் படித்துவிட்டு எல்லாச் சுவரும் ஒரே மாதிரி என்று நினைக்கக் கூடாது. கொரிகாஞ்சா ஆண்டிசைட் என்கிற எரிமலைக் கல், வரிசை வரிசையாக அடுக்கியது. சாக்சாய்வாமனின் பெரிய கற்கள் சுண்ணாம்புக்கல், நூறு டன்னைத் தாண்டும் கல்லும் உண்டு. ஊருக்குள் ஒரு தெருச் சுவரில் இருக்கிற, பெயர்பெற்ற பன்னிரண்டு மூலைக் கல் டயோரைட் என்கிற கடினக் கல்.

அந்த மூலைக் கல்தான் என் கதை. ஹாத்துன் ருமியோக் தெருவில் எல்லோரும் மூலையை எண்ணினார்கள். நான் கல்லின் முகத்தைப் பார்த்தேன். நடுவில் குழிகள் பெரிதாக, விளிம்பை நெருங்க நெருங்கப் பொடிப்பொடியாக. இரும்பு உளி இல்லை. கையில் அடங்கும் கல்லால் தட்டித்தட்டிச் செதுக்கியது, விளிம்புக்கு வரும்போது சின்னக் கல்லுக்கு மாறியிருக்கிறார்கள். என் தாத்தாவும் ஓரத்துக்கு வந்தால் சுத்தியலை மாற்றுவார், மூச்சையும் அடக்கிக்கொள்வார். கைடிடம் கேட்க வாய் திறப்பதற்குள், "அடுத்து பஸ், சீக்கிரம்" என்று கிளப்பிவிட்டார்கள்.

2025 பிப்ரவரியில் ஒருவர் அந்தக் கல்லையே அடித்துச் சிதைத்தார் என்று செய்தி வந்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வெண்தாமரை:

@ஆரஞ்சு குடை, இங்கே கேட்டது அனுபவம். சங்குப்பூவின் அம்மா எப்படி இருக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

எங்கள் டூரில் பேராலயமும் இருந்தது. மார்கோஸ் சபாட்டா 18ஆம் நூற்றாண்டில் வரைந்த கடைசி இராவுணவு ஓவியம், நடுத்தட்டில் கூய் என்கிற கினிப்பன்றி. கைடு வேடிக்கையாகச் சொன்னார், நாங்கள் இருபது பேரும் வாய்விட்டுச் சிரித்தோம். சிரிப்பு மண்டபம் முழுக்க எதிரொலித்தது. அதே நேரம் நிலநடுக்கங்களின் ஆண்டவர் முன்னால் பின்னல் போட்ட ஒரு பாட்டி முழங்காலில் இருந்தார். 1650 நிலநடுக்கத்தில் ஊரே வெளியே தூக்கி வந்து வேண்டிக்கொண்ட, சிலுவையில் இருக்கும் இயேசு சிலை அது, கருத்துப்போன முகம். பாட்டி தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தார், கோபம் இல்லை. பிறகு மறுபடி அந்த முகத்தைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். எனக்குக் கை கால் கூசியது. எங்கள் ஊர்க் கோயிலில் யாராவது அப்படிச் சிரித்திருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன்.

ஆரஞ்சு குடை:

@சங்குப்பூ, மன்னியுங்கள். அம்மா இப்போது நலமா?

சங்குப்பூ:

நலம். அந்த முன்யா வாசனைதான் வேண்டுமாம், இங்கே எந்தப் புதினாவைக் கசக்கிக் கொடுத்தாலும் "இது இல்லை" என்கிறார்.

நெல்லைக்காரி:

வெண்தாமரை எழுதியதைப் படித்ததும் ஒன்று நினைவு வந்தது. டூர் முடிந்து எல்லோரும் இறங்கிய பிறகு கைடிடம் போய், "பாட்டி வீடு எங்கே இருந்தது?" என்று கேட்டேன். சான் பிளாஸ் மேட்டை நோக்கிக் கையைக் காட்டினார். விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. "அந்த மஞ்சள் விளக்குக்கு இரண்டு வீடு மேலே. அதே இடத்தில் மறுபடி கட்டினோம். மண்செங்கல்தான்" என்றார்.