புதுப்பிப்பு: தீம் பார்க்குக்குப் பெயரும் சின்னமும் முடிவாகிவிட்டன

போன வாரம் கேட்டிருந்தேனே, கணினி விளையாட்டில் நான் கட்டிக்கொண்டிருக்கும் கடல் தீம் பார்க்குக்கு என்ன பெயர், நடுவில் ராட்டினமா கலங்கரை விளக்கமா என்று? கலங்கரை விளக்கம்தான். ராட்டினத்தைச் சொன்னவர்கள் கோபிக்க வேண்டாம், வைத்தும் பார்த்தேன், பக்கவாட்டிலிருந்து வெறும் கம்பிதான் தெரிகிறது. கலங்கரை விளக்கமோ, டிஸ்னியின் எப்காட் பூங்காவில் இருக்கும் பெரிய உருண்டை மாதிரி எந்தப் பக்கம் போனாலும் ஒரே உருவம்.

உயரம்தான் இழுத்தடித்தது. முதலில் 60 மீட்டர் வைத்தேன், சுற்றியுள்ள கடைகள் எல்லாம் தீப்பெட்டி ஆகிவிட்டன. அப்புறம்தான் உங்களில் ஒருவர் சொன்னது ஞாபகம் வந்தது: 1955-ல் திறந்த டிஸ்னிலேண்டின் கோட்டை வெறும் 23 மீட்டர், மேலே போகப் போகக் கற்களைச் சிறிதாக்கி உயரமாகக் காட்டியிருக்கிறார்கள். நானும் 25-க்கு இறக்கி, மேல் ஜன்னல்களைக் கீழே உள்ளவற்றில் பாதியாக்கினேன். வாசலிலிருந்து பார்த்தால் நம்பவே முடியவில்லை!

பெயர் 'அலைமுனை'. நான் பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டிருந்த 'கடல் கனவு உலகம்' நுழைவு வளைவில் அடங்கவே இல்லை. சரி, 1992-ல் யூரோ டிஸ்னி என்று திறந்ததே பிறகு டிஸ்னிலேண்ட் பாரிஸ் ஆனது, நான் மாற்றினால் என்ன?

அடுத்து வாகன நிறுத்தம். அதைச் சுத்தமாக மறந்துவிட்டேன்.