ஆஞ்சியோ மேசையில் மெய்நிகர் கண்ணாடி: வேண்டுமா, வேண்டாமா?

குன்னூர்த் தேயிலை:
அம்மாவுக்கு அடுத்த மாதம் கோவையில் ஆஞ்சியோகிராம், அதாவது இதய இரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பது. பேச்செடுத்தாலே கை நடுங்குகிறது அவருக்கு. சிகிச்சை நடக்கும்போது விர்ச்சுவல் ரியாலிட்டி (மெய்நிகர்) கண்ணாடியை மாட்டி, காடு, கடல் என்று காட்டினால் பதற்றம் தணியும் என்று படித்தேன். வெளிநாடுகளில் சில இடங்களில் செய்து பார்க்கிறார்கள். நம் மருத்துவமனைகளும் வாங்கி வைக்க வேண்டும் என்பது என் கருத்து. உங்கள் கருத்து என்ன?

கேத்தி சிவா:
வேண்டாம் என்பேன். நெஞ்சு வலித்தால் இன்றும் நீலகிரி மலையிலிருந்து பலர் பர்லியாறு மலைப்பாதை வழியாகக் கோவைக்குத்தான் ஓடுகிறோம். மண் சரிந்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும். பணம் இருந்தால் ஆம்புலன்ஸுக்குச் செலவிடட்டும். இன்னொன்று: அமெரிக்காவில் 2021இல் இப்படியொரு கருவிக்கு அனுமதி கிடைத்தது நாட்பட்ட முதுகுவலிக்கு, இதயத்துக்கு அல்ல.

கோத்தகிரி செவிலி:
சிவா தம்பி, ஆம்புலன்ஸ் வேண்டும் என்பதில் மறுபேச்சே இல்லை. ஆனால் பயத்தை இவ்வளவு லேசாக ஒதுக்காதீர்கள். ஆஞ்சியோ செய்யும் அறையான கேத் லேபில் வேலை பார்த்தவள் நான். அறை குளிரும். கையை ஒரு பலகையில் நீட்டி வைத்து, மணிக்கட்டில் மரத்துப்போக ஊசி போடுவார்கள். அங்குள்ள இரத்தக்குழாய் வழியாகத்தான் மெல்லிய குழாயை இதயம் வரை செலுத்துவார்கள். நோயாளி விழித்துத்தான் இருப்பார். எக்ஸ்ரே கருவி நெஞ்சுக்கு மேலே சாய்ந்து சாய்ந்து நகரும். சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் ஈயக் கவசமும் முகக்கவசமும் அணிந்திருப்பார்கள். ஒரு முகம்கூடத் தெரியாது.

அந்த நேரத்துப் பயம் மனதோடு நிற்பதில்லை. அட்ரினலின் ஏறினால் மணிக்கட்டு இரத்தக்குழாய் இறுகிப்போகும். உள்ளே போன குழாயை நகர்த்த முடியாது, கை முழுக்க வலி எடுக்கும். இரத்தக்குழாய் விரிய நைட்ரோகிளிசரின் மருந்து கொடுத்தும் வழிக்கு வராமல், தொடை வழியாகப் போக வேண்டி வருவதும் உண்டு. பதற்றத்தைத் தணிப்பது சிகிச்சையின் ஒரு பகுதி, தம்பி.

கேத்தி சிவா:
பதற்றம் தணிய மிடாசோலம் என்ற மயக்க மருந்து இருக்கிறதே, அக்கா? கூடவே ஒருவர் தலைமாட்டில் நின்று பேசினால் போதாதா? 'மூச்சைப் பிடியுங்கள்' என்றால் நோயாளிக்குக் கேட்க வேண்டும். நெஞ்சில் வலி வந்தால் உடனே சொல்ல வேண்டும். கண்ணையும் காதையும் மூடிவிட்டு எப்படி?

கோத்தகிரி செவிலி:
மிடாசோலம், வலி மருந்தான ஃபென்டனில் இரண்டும் மூச்சைக் குறைக்கக்கூடியவை. விறகடுப்புப் புகையிலேயே காலம் கழித்த நம் பாட்டிமார்களின் நுரையீரலுக்கு அவற்றை எவ்வளவு குறைவாகக் கொடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. கண்ணாடி அந்த மருந்துக்கு மாற்று என்று நான் சொல்லவில்லை, அளவைக் குறைக்க உதவலாம் என்கிறேன். இது நேற்று முளைத்த யோசனையும் இல்லை. 1990களிலேயே அமெரிக்காவின் சியாட்டிலில் ஹண்டர் ஹாஃப்மன், டேவிட் பாட்டர்சன் என்ற ஆய்வாளர்கள் தீக்காயம் பட்டவர்களுக்குப் புண்ணைச் சுத்தம் செய்யும்போது இப்படிக் கண்ணாடி மாட்டிப் பார்த்தார்கள். பிறகு அதற்கென்றே பனிப்பள்ளத்தாக்கில் பனிப்பந்து எறியும் விளையாட்டு ஒன்றையும் உருவாக்கினார்கள். கவனம் அங்கே போனதும் வலி குறைவாகத் தெரிந்தது.

காதை மூடக் கூடாது என்று நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. ஒலியை மெல்ல வைத்து, மருத்துவர் குரல் கேட்கும்படிதான் செய்ய வேண்டும்.

கூடலூர் மருந்தகம்:
ஒன்றைப் பிரித்துப் பேசுங்கள். மாரடைப்போடு வருபவருக்கு நிமிடக் கணக்கு. அங்கே கண்ணாடிக்கு இடமில்லை. அவருக்கு வேண்டியது ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடார்வாஸ்டாடின் மாத்திரைகள். 2023இல் வந்த தமிழக அரசின் 'இதயம் காப்போம்' திட்டம் அதற்காகத்தான். நாள் குறித்துச் செய்யும் ஆஞ்சியோவுக்கு மட்டும்தான் இந்த விவாதம் பொருந்தும்.

குன்னூர்த் தேயிலை:
அம்மாவுக்கு நாள் குறித்ததுதான். ஆனால் மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுப்பவர் அவர். கண்ணாடியில் காட்சி ஓடினால் தாங்குவாரா? தமிழைவிடப் படுகு மொழிதான் அவருக்குச் சரளம் என்பதும் இருக்கிறது.

கோத்தகிரி செவிலி:
அப்படியானால் கட்டாயம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மல்லாந்து படுத்த நிலையில் வாந்தி வந்தால் மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆபத்து உண்டு. நகரும் காட்சி அவருக்கு வேண்டாம். நிலையாக நிற்கும் காட்சியை வார்டிலேயே ஒருமுறை போட்டுப் பாருங்கள். தலை சுற்றினால் அதோடு விட்டுவிடுங்கள். வலிப்பு வந்தவர்களுக்கும் இது ஆகாது. படுகு தெரிந்த செவிலியர் பணியில் இருக்கிறாரா என்றும் கேளுங்கள், கோவையில் நம் ஊர்ப் பெண்கள் நிறையப் பேர் வேலை பார்க்கிறார்கள்.

கேத்தி சிவா:
நாள் குறித்த சிகிச்சை, காது திறந்திருக்க வேண்டும், விருப்பப்பட்டவருக்கு மட்டும் என்றால் எனக்கு மறுப்பில்லை. ஒவ்வொருவருக்கும் பிறகு முகத்தில் படும் உறையை மாற்றவும் வேண்டும். ஆனால் கண்ணாடி வந்துவிட்டது என்று காரணம் காட்டி அந்த அறையில் ஒரு செவிலியரைக் குறைத்தால் அதை எதிர்த்து முதல் மனு நான்தான் எழுதுவேன், அக்கா.