விண்டோஸ் பில்லிங் சாஃப்ட்வேரை வெப்புக்கு மாற்றுவது: எதை நகர்த்தலாம், எதைத் தொடவே கூடாது?

(இணைய மன்றத்தில் நடந்த பேச்சு. கல்லாப்பெட்டி, உள்கிடங்கு, சீரியல் போர்ட், பழைய கோடு எல்லாம் உறுப்பினர்கள் வைத்துக்கொண்ட பெயர்கள்.)

கல்லாப்பெட்டி:

எங்களிடம் இருப்பது, டாட்நெட் ஃப்ரேம்வொர்க் 4.8-ல் வின்ஃபார்ம்ஸாக (விண்டோஸ் ஜன்னல் புரோகிராம் எழுத மைக்ரோசாஃப்ட் தரும் முறை) எழுதிய பில்லிங், ஸ்டாக் சாஃப்ட்வேர். கவுண்டர் ஒவ்வொன்றிலும் 80 மி.மீ. தெர்மல் பிரிண்டர், அதோடு கோத்த கல்லாப்பெட்டி, சீரியல் போர்ட்டில் எடை மெஷின், யுஎஸ்பி பார்கோடு ஸ்கேனர். பொருள் பட்டியல் சுமார் 60,000 வரிசை. "டெஸ்க்டாப் காலம் முடிந்தது, இதையும் வெப் ஆக்கிவிடுங்கள்" என்று மேலிருந்து உத்தரவு.

நெட் போனால் இரண்டு மணி நேரமாவது பில் போட முடியணும். ப்ரவுசருக்குள் வைக்கும் டேட்டாவை அந்த அளவுக்கு நம்பலாமா? பிரிண்டர், எடை மெஷினை ப்ரவுசரிலிருந்து ஓட்ட முடியுமா? எலக்ட்ரான், டாரி (வெப் பக்கத்தை டெஸ்க்டாப் புரோகிராமாக்கும் கருவிகள்) மாதிரி ஓட்டுக்குள் வெப்பை வைத்தால் உண்மையில் லாபம் உண்டா, இல்லை பெயருக்குத்தானா? போகிற போக்கில், பத்து வருஷம் கழித்து எது நிற்கும் என்றும் சொன்னால் நல்லது.

உள்கிடங்கு:

ஆஃப்லைன் பற்றி மட்டும் சொல்கிறேன். அளவு ஒரு பிரச்சினையே இல்லை. வரிசைக்கு 200 பைட் என்றாலும் 60,000 வரிசை 12 எம்பிதான். மெமரியிலேயே மொத்தமும் ஏற்றித் தேடலாம். பிரச்சினை, ப்ரவுசர் தன் கிடங்கை "எப்போது வேண்டுமானாலும் அழிக்கலாம்" என்ற கணக்கில் வைத்திருப்பதில் இருக்கிறது. டிஸ்க்கில் இடம் குறைந்தால் அதுவே அழிக்கும். சஃபாரியில் 2020 முதல், பயனர் அந்தத் தளத்தைத் தொடாமல் ப்ரவுசரை 7 நாள் பயன்படுத்தினால், ஸ்கிரிப்ட் எழுதிய டேட்டா போய்விடும். தளத்தை ஆப்பாக நிறுவினால் அந்தக் கெடு பொருந்தாது. நேவிகேட்டர்.ஸ்டோரேஜ்.பெர்சிஸ்ட் ('நீயாக அழிக்காதே' என்று ப்ரவுசரிடம் கேட்கும் கட்டளை) என்று கேட்டு, 'ட்ரூ' (ஆம்) வந்ததா என்று பாருங்கள். வராவிட்டால் அந்த மெஷினில் ஆஃப்லைன் பில்லிங்கைத் திறந்துவிடாதீர்கள். 'ட்ரூ' வந்தாலும் யாரோ ஒருவர் "ஸ்லோவா இருக்கு" என்று ஹிஸ்டரியோடு சேர்த்து சைட் டேட்டாவையும் அழித்தால் தடுக்க முடியாது.

அதிகம் பேர் கவனிக்காத ஒன்று: இண்டெக்ஸ்ட்டிபி (ப்ரவுசருக்குள் இருக்கும் டேட்டாபேஸ்) 'கமிட் ஆயிற்று' என்று சொன்னாலே டிஸ்க்கில் எழுதிவிட்டது என்று அர்த்தம் இல்லை. குரோம் 121 முதல் இயல்பான டியூரபிலிட்டி (எழுதியது நிலைத்திருக்கும் உறுதி) 'ரிலாக்ஸ்ட்', அதாவது தளர்வானது. ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் பஃபரில் விழுந்ததும் 'முடிந்தது' என்று சொல்லிவிடும். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனால் கடைசி பில் காணாமல் போகலாம். பில் எழுதும் டிரான்ஸாக்‌ஷனுக்கு (எல்லாம் சேர்ந்தே எழுதப்படும், இல்லாவிட்டால் எதுவுமே எழுதப்படாத தொகுதி) மட்டுமாவது 'ஸ்டிரிக்ட்' (டிஸ்க்கில் எழுதியபின் சொல்) கொடுங்கள். பொருள் பட்டியலை இறக்கும்போது வேண்டாம், வேகம் குறையும்.

எஸ்க்யூலைட் (ஒரே ஃபைலில் அடங்கும் டேட்டாபேஸ்) வேண்டுமென்றால் அதன் அதிகாரபூர்வ வெப்அசெம்ப்ளி (சி மாதிரி மொழியில் எழுதியதை ப்ரவுசரில் ஓட்டும் முறை) வடிவம் ஓபிஎஃப்எஸ் (தளத்துக்கென ப்ரவுசர் ஒதுக்கும் தனி ஃபைல் இடம்) கோப்பு மேலேயே ஓடும். அதில் இரண்டு வழி. ஒன்றுக்கு ஷேர்டு அரே பஃபர் (பக்கத்தின் பல பகுதிகள் பகிரும் மெமரி) வேண்டும், அதற்காக சர்வர் இரண்டு தனிமைப்படுத்தல் ஹெடர்கள் (பக்கத்தோடு சேர்த்து அனுப்பும் குறிப்புகள்) அனுப்பணும். அனுப்பிய உடனே வேறு தளத்திலிருந்து வரும் படங்கள் தடைபடும், பாப்அப்பில் நடக்கும் லாகின் தன்னைத் திறந்த ஜன்னலோடு பேச முடியாமல் நிற்கும். இன்னொரு வழி 'சாபூல்'. ஹெடர் தேவையில்லை, வேகமும் அதிகம். ஆனால் ஒரே நேரத்தில் ஒரு டேப்தான் திறக்க முடியும். கவுண்டருக்கு இதுவே போதும். இரண்டாவது டேப் திறந்தால் வெப் லாக்ஸ் (டேப்களுக்கு இடையே பூட்டுப் போடும் ப்ரவுசர் வசதி) மூலம் கண்டுபிடித்து, "ஏற்கெனவே திறந்திருக்கிறது" என்று நிறுத்திவிடுங்கள்.

சர்வீஸ் ஒர்க்கர் (நெட் இல்லாதபோதும் பக்கத்தைத் தரும் பின்னணி ஸ்கிரிப்ட்) அப்டேட்டும் கடிக்கும். பழைய டேப் திறந்திருக்கும்வரை புதிய ஒர்க்கர் காத்துக்கொண்டே இருக்கும், கவுண்டர் மெஷினில் டேப்பை யாரும் மூடவே மாட்டார்கள். அவசரப்பட்டு 'ஸ்கிப் வெயிட்டிங்' (காத்திருக்காமல் உடனே மாறு) போட்டால், பழைய பக்கம் சர்வரில் இல்லாத பழைய ஸ்கிரிப்ட் துண்டைத் தேடி வெள்ளைத் திரையாகிவிடும். பில் முடிந்து அடுத்த பில் தொடங்குவதற்கு முன் உள்ள இடைவெளியில் மட்டும் மாற்றுங்கள்.

சீரியல் போர்ட்:

ஹார்டுவேர் என் பக்கம். சுலபமானதிலிருந்து வருகிறேன்.

ஸ்கேனர் கீபோர்டு போலவே தட்டும், வெப்பில் எந்த வேலையும் வேண்டாம். ஒரே சிக்கல் ஃபோகஸ். கர்சர் அளவுக் கட்டத்தில் இருக்கும்போது ஸ்கேன் செய்தால் 13 இலக்க எண் அங்கே விழும், பில்லில் சில லட்சம் கோடி சோப்புக்கட்டி ஏறும். எழுத்துகளுக்கு இடைவெளி 30 மில்லிசெகண்டுக்குக் கீழே, முடிவில் என்டர் என்றால் அது ஸ்கேன். கட்டத்துக்குப் போகவிடாமல் பிடித்து, பொருள் தேடலுக்கு அனுப்புங்கள்.

எடை மெஷினுக்கு வெப் சீரியல் (வெப் பக்கம் சீரியல் போர்ட்டோடு பேசும் வசதி) இருக்கிறது. குரோம் 89 முதல் வருகிறது, சஃபாரியில் கிடையாது. ஹெச்டிடிபிஎஸ் கட்டாயம், முதல் முறை பட்டனை அழுத்தித்தான் அனுமதி கேட்க முடியும். நிறுவனம் மையமாக நிர்வகிக்கும் மெஷின்கள் என்றால் பாலிஸியிலேயே (அவற்றுக்கு மொத்தமாக வைக்கும் விதி) முன்கூட்டி அனுமதி கொடுத்துவிடலாம். வழக்கமாக 9600 வேகம், 8 பிட், பாரிட்டி (பிழை பார்க்கும் கூடுதல் பிட்) இல்லை. சில மெஷின்கள் 7 பிட், ஈவன் பாரிட்டி. எழுத்து கந்தலாக வந்தால் முதலில் இதைப் பாருங்கள். அடுத்து, ஒரு எடை ஒரே துண்டாக வரும் என்று எண்ண வேண்டாம். "+ 1.2" ஒரு முறையும் "50 கிலோ" அடுத்த முறையும் வரும். வரி முடியும் குறி வரும்வரை சேர்த்து வைத்துப் பிறகு பிரியுங்கள். இல்லாவிட்டால் 1.250 கிலோ 1.2 கிலோவாகப் பில்லாகும், யாருக்கும் தெரியாது. 'நிலையானது' என்ற குறியை மெஷின் அனுப்பினால் அது வரும்வரை எடையை ஏற்காதீர்கள்.

பிரிண்டர்தான் தலைவலி. குரோமைக் கியோஸ்க் பிரிண்டிங் முறையில் தொடங்கினால் டயலாக் வராமல் அடிக்கும். அடித்ததா, பேப்பர் தீர்ந்ததா என்ற பதில் மட்டும் திரும்பி வராது. வெப் யுஎஸ்பியை (வெப் பக்கம் யுஎஸ்பி சாதனத்தோடு நேராகப் பேசும் வசதி) எடுத்தால், விண்டோஸில் பிரிண்டர் டிரைவர் சாதனத்தைப் பிடித்து வைத்திருப்பதால் திறக்க விடாது. டிரைவரை வின்யுஎஸ்பிக்கு (விண்டோஸின் பொது யுஎஸ்பி டிரைவர்) மாற்றினால் திறக்கும், ஆனால் மற்ற புரோகிராம்கள் எதுவும் அதில் அடிக்க முடியாது. நெட்வொர்க் பிரிண்டரின் 9100 போர்ட்டுக்கு நேராகப் பேசலாம் என்றால், சாதாரண வெப் பக்கத்துக்கு டிசிபி சாக்கெட் (நேரடி நெட்வொர்க் இணைப்பு) கிடையாது.

கடைசியில் எல்லோரும் வந்து சேரும் இடம், 127.0.0.1-ல் (லூப்பேக், அதாவது அந்த மெஷின் தன்னோடு தானே பேசும் முகவரி) காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் சின்ன விண்டோஸ் சர்வீஸ். பக்கம் பில்லை அங்கே அனுப்பும், சர்வீஸ் பிரிண்டருக்குத் தள்ளும், கல்லாவைத் திறக்கும் (பைட்கள் 27, 112, 0, 25, 250). கவனம்: வெப்சாக்கெட்டுக்கு (பக்கமும் சர்வீஸும் தொடர்ந்து பேசும் இணைப்பு) கோர்ஸ் தடை (ஒரு தளம் வேறு இடத்தின் பதிலைப் படிக்க ப்ரவுசர் போடும் கட்டுப்பாடு) பொருந்தாது, ஆகவே அந்த மெஷினில் திறக்கும் எந்த வலைத்தளமும் உங்கள் சர்வீஸைத் தட்டிக் கல்லாவைத் திறக்க முடியும். ஆரிஜின் ஹெடரைச் (எந்தத் தளம் கேட்கிறது என்ற குறிப்பு) சரிபாருங்கள், டோக்கன் (ரகசியக் குறி) கேளுங்கள், எல்லா நெட்வொர்க் முகவரியிலும் கேட்காமல் லூப்பேக்கில் மட்டும் கேளுங்கள். புதிய குரோம், லோக்கல் நெட்வொர்க்கைத் தொட அனுமதி கேட்கிறது. அதையும் பாலிஸியில் சேருங்கள்.

லத்தீன் அல்லாத எழுத்து அச்சிட வேண்டுமென்றால் பிரிண்டரின் எழுத்துருவை நம்பாமல் படமாக அனுப்பணும். இதில் வெப்புக்கு ஒரு நல்ல பக்கம் உண்டு: கேன்வாஸில் (ப்ரவுசரின் வரைபலகை) வரைந்தால் கூட்டெழுத்தெல்லாம் சரியாக வரும். 80 மி.மீ. தாளில் வரிக்கு 576 புள்ளி, அதாவது 72 பைட். 15 செ.மீ. பில்லுக்கு 1,200 வரி, 86,400 பைட். யுஎஸ்பியில் ஒரு கண்ணிமைப்பு. பழைய 9600 சீரியல் பிரிண்டரில் 90 விநாடி, வாடிக்கையாளர் போயே போய்விடுவார்.

பழைய கோடு:

மேலே சொன்ன அந்த "சின்ன சர்வீஸ்" உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. உங்கள் வின்ஃபார்ம்ஸ் புரோகிராம்தான் அது. பிரிண்டர், எடை, கல்லா எல்லாம் அதில் வருஷக்கணக்காக ஓடுகின்றன. அதைத் தூக்கி எறிந்துவிட்டு, அதே வேலைக்கு இன்னொரு சர்வீஸ் எழுதுவது வேலை வளர்ப்பது.

வெப்வியூ2 கண்ட்ரோலை (புரோகிராமுக்குள் வெப் பக்கம் காட்டும் மைக்ரோசாஃப்டின் எட்ஜ் ப்ரவுசர் எஞ்சின்) வின்ஃபார்ம்ஸுக்குள் வைக்கலாம். டாட்நெட் ஃப்ரேம்வொர்க் 4.6.2 போதும், உங்களுடையது 4.8. ஒவ்வொரு திரையாக வெப்புக்கு மாற்றுங்கள். பக்கம் 'போஸ்ட்மெசேஜ்' (புரோகிராமுக்கு ஒரு செய்தி) அனுப்பும், உங்கள் சி ஷார்ப் புரோகிராம் அச்சிடும். உலாவி எஞ்சினை மைக்ரோசாஃப்டே புதுப்பித்துக்கொள்ளும். எலக்ட்ரான் என்றால் அந்தப் பொறுப்பு உங்கள் தலையில்: 8 வாரத்துக்கு ஒரு பெரிய வெளியீடு, கடைசி மூன்றுக்கு மட்டும் ஆதரவு. ஆறு மாதம் தூங்கினால் பாதுகாப்பு ஓட்டையுள்ள குரோமியத்தோடு (குரோமின் அடிப்படை எஞ்சின்) கவுண்டரில் உட்கார்ந்திருப்பீர்கள். டாரி சிறியது, சில எம்பிதான். ஆனால் விண்டோஸில் அதுவும் இதே வெப்வியூ2 மேல்தான் ஓடுகிறது. விண்டோஸ் மட்டும்தான் என்றால் நடுவில் ரஸ்ட் (டாரியின் புரோகிராம் மொழி) கற்க என்ன அவசியம்?

வெப்வியூ2-ல் இடறும் இடங்கள். டேட்டா ஃபோல்டரைச் சொல்லாவிட்டால் எக்ஸீக்குப் பக்கத்திலேயே உருவாக்கப் பார்க்கும். புரோகிராம் ஃபைல்ஸில் எழுத அனுமதி இல்லாததால் கண்ட்ரோல் தொடங்கவே தொடங்காது. டெவலப்பர் மெஷினில் மட்டும் ஓடும். லோக்கல் ஆப்டேட்டாவைக் காட்டுங்கள். அடுத்து எஃப்5. பாதி பில்லில் யாராவது அழுத்தினால் பக்கம் ரீலோட் ஆகி எல்லாம் போகும், ஆகவே ப்ரவுசர் குறுக்குவிசைகளை செட்டிங்ஸில் அணைத்துவிடுங்கள். மெசேஜ் வந்த ஈவெண்ட்டுக்குள்ளேயே மெசேஜ்பாக்ஸ் திறக்காதீர்கள். திரை உறைந்துவிடும். 'பிகின்இன்வோக்' (வேலையைச் சற்றுப் பிறகு ஓட்டத் தள்ளிவைப்பது) போட்டு வெளியே வந்து திறங்கள்.

பத்து வருஷக் கேள்விக்கு: செத்தவை எவை என்று பாருங்கள். குரோம் 2015-ல் என்பிஏபிஐ பிளகின்களை (ப்ரவுசருக்குள் வெளிப் புரோகிராம் ஓட்டிய பழைய வழி) எடுத்தது, ஃப்ளாஷ் 2020 டிசம்பர் 31-ல் முடிந்தது, சில்வர்லைட் 2021 அக்டோபரில், இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 2022 ஜூனில். அதே காலத்தில் சாதாரண ஹெச்டிஎம்எல் பக்கமும் ஓடிக்கொண்டிருந்தது, பழைய வின்32 (சாதாரண விண்டோஸ் புரோகிராம்) எக்ஸீயும் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவே தொங்கியவைதான் போயின. வெப் யுஎஸ்பி, வெப் சீரியலை ஒரே எஞ்சின் குடும்பம் தாங்கிப் பிடிக்கும்வரை அவற்றையும் அந்த நடு வரிசையில் வைத்தே பார்ப்பேன். பயன்படுத்தலாம், ஒரே ஒரு ஃபைலுக்குள் அடைத்துவைத்து.

இதனால் வெப் தளர்ந்தது என்று சொல்லவில்லை. ஃபோட்டோஷாப்பும் ஆட்டோகேடும் தங்கள் பழைய சி++ புரோகிராமை வெப்அசெம்ப்ளியாக்கி ப்ரவுசரில் ஓட்டுகின்றன. டேட்டா சர்வரில் இருக்க வேண்டிய எதுவும் — ரிப்போர்ட், விலை மாற்றம், பயனர் உரிமை — இன்றே வெப்பாகட்டும். கவுண்டர் கடைசியில்.

கல்லாப்பெட்டி:

வெப்வியூ2 வழி பிடித்திருக்கிறது, நன்றி. ஒன்று மட்டும் பாக்கி: ஆஃப்லைனில் இரண்டு கவுண்டர் பில் போட்டு, நெட் வந்ததும் சர்வருக்குப் போகும்போது பில் எண் மோதாதா? ஒரே பில் இருமுறை ஏறும் பயமும் இருக்கிறது.

உள்கிடங்கு:

எண்ணை சர்வர் கொடுக்கட்டும் என்று வைத்தால் ஆஃப்லைன் என்பதே கிடையாது. கவுண்டருக்கு ஒரு தொடர் கொடுங்கள்: 1-00001, 2-00001. மெஷின் புதிதாக நிறுவப்பட்டால் முதல் வேலை, தன் தொடரின் கடைசி எண்ணை சர்வரிடம் கேட்பது. அந்த நேரத்தில் நெட் இல்லையா, பழைய தொடரைத் தொடக் கூடாது. இல்லாவிட்டால் மீண்டும் 1-லிருந்து தொடங்கி பழைய பில்களோடு மோதும்.

இருமுறை ஏறுவதற்குக் காரணம் எப்போதும் ஒன்றுதான். பில் சர்வருக்குப் போய்ச் சேர்ந்தது, பதில் திரும்பி வரும் வழியில் நெட் அறுந்தது, கவுண்டர் மறுபடி அனுப்பியது. பில் தொடங்கும்போதே கவுண்டரில் ஒரு யுயுஐடி (வேறெங்கும் திரும்ப வராத அடையாள எண்) உருவாக்கி, சர்வர் டேபிளில் அதற்கு யுனிக் கட்டுப்பாடு (ஒரே எண் இருமுறை ஏறாத விதி) போடுங்கள். அதே ஐடி மறுபடி வந்தால் எரர் அனுப்பாமல் முதல் முறை கொடுத்த பதிலையே கொடுங்கள். எரர் அனுப்பினால் கவுண்டர் தோல்வி என்று எண்ணி முயன்றுகொண்டே இருக்கும், பின்னால் உள்ள பில்களும் வரிசையில் தேங்கும். அனுப்ப வேண்டியவற்றின் பட்டியலையும் பில்லையும் ஒரே டிரான்ஸாக்‌ஷனில் எழுதுங்கள்.

ஸ்டாக்கை இருப்பாக அனுப்பாமல் அசைவாக அனுப்பணும். 50 இருக்கிறது, ஒரு கவுண்டர் 3 விற்று 47 என்று எழுதுகிறது, இன்னொன்று 5 விற்று 45 என்று எழுதுகிறது. கடைசியில் வந்தது ஜெயிக்கும், 45. உண்மை 42. '−3', '−5' என்று அனுப்பினால் எந்த வரிசையில் வந்தாலும் 42. இருப்பு சில நேரம் மைனஸில் போகும், போகட்டும். பொருள் கையை விட்டுப் போனபின் சர்வர் பில்லை மறுத்து என்ன பயன்? கவுண்டரின் கடிகாரத்தையும் நம்பாதீர்கள். வரிசைப்படுத்தத் தொடர் எண், கூடவே சர்வர் பெற்ற நேரம்.

வெளியிடும் முன் ஒரு சோதனை: சேமி பட்டனை அழுத்திய கணத்தில் நெட் கேபிளைப் பிடுங்குங்கள், சில விநாடி கழித்துச் செருகுங்கள். 50 பில்லுக்கு இதைச் செய்து சர்வரில் எண்ணினால் 50 இருக்கணும். 49 வந்தால் கவுண்டர் டிரான்ஸாக்‌ஷனைப் பாருங்கள், 51 வந்தால் அந்த யுனிக் கட்டுப்பாட்டை.