குறைமாதப் பிள்ளைக்கு நோகாதா? தாயை ஏன் வெளியே விடுகிறார்கள்?

கனகராயன்குளத்தான்:
தங்கையின் பிள்ளை தீவிர சிகிச்சைப் பிரிவில். குதிக்காலில் குத்தி இரத்தம் எடுக்கும்போதெல்லாம் தாயை வெளியே போகச் சொல்கிறார்கள். "இந்த வயதில் நோகாது" என்றாராம் ஒருவர். 1980கள் வரைதான் அப்படி நம்பி, போதிய வலிமருந்து இல்லாமலே கைக்குழந்தைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்தார்கள். இன்னும் அதே கதையா?

பழைய மிஸி:
தம்பி, அப்படி இப்போது ஒருவரும் படிப்பிப்பதில்லை. குறைமாதப் பிள்ளைக்கு நோ கூடத்தான். வலியை அடக்கும் நரம்புவழி முதிர்ந்திருக்காது. கண்டுபிடிப்பதில்தான் கரைச்சல். தொண்டையில் குழாய் இருந்தால் அழுதாலும் சத்தம் வராது. நெற்றி சுருங்கும், கண் இறுகும், மூக்கோரம் மடியும், ஒட்சிசன் இறங்கும். நன்றாகக் களைத்த பிள்ளையோ அசையாமல் கிடக்கும். பார்த்தால் நித்திரை போலிருக்கும். வலிக்குக் கொடுக்கும் மோர்பின் மூச்சை அடக்கும். இரவில் ஆளும் குறைவு, எத்தனை பிள்ளையைப் பார்ப்பது?

கனகராயன்குளத்தான்:
மோர்பினை யார் கேட்டது? குத்த 2 நிமிடம் முன்பு நாக்கு நுனியில் சில துளி சீனிக்கரைசல் விடலாமே. தாயின் நெஞ்சில் தோலோடு தோலாகப் போட்டுக் குத்தலாமே. ஆள் இல்லை என்கிறீர்கள், கதவுக்கு வெளியே ஒருத்தி சும்மாதானே நிற்கிறாள்!

சந்தேகி:
சீனியைப் பெரிதாக நம்பாதீர்கள். 2010இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில் சீனி கொடுத்த பிள்ளைகளின் முகம் அமைதியானது, மூளையில் வலிக்கான மின்னசைவு குறையவில்லை.

பழைய மிஸி:
அந்த ஆய்வுக்காக நான் சீனியை விடமாட்டேன், தாயின் நெஞ்சும் நல்லதென்றாலும். ஆனால் முல்லைத்தீவுப் பக்கமிருந்து பிள்ளை மட்டும் அம்புலன்ஸில் வரும். சிசேரியன் செய்த தாய் அங்கே கட்டிலில். அப்போது யாருடைய நெஞ்சு?

கனகராயன்குளத்தான்:
பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த தகப்பன் இருக்கிறாரே, அக்கா.

பழைய மிஸி:
சரி, வரட்டும். ஆனால் நெஞ்சில் போடும்போது குழாய் கழன்றால் பதில் சொல்வது நான். குழாயுள்ள பிள்ளையைத் தூக்காமலே, ஒரு கையால் தலையையும் மறுகையால் மடக்கிய கால்களையும் அணைத்துப் பிடிக்கலாம். அதுவும் நோவைக் குறைக்கும். பத்து நிமிடத்தில் பழக்கிவிடலாம்.

கனகராயன்குளத்தான்:
அப்போ நாளைக்கு விடிய இரத்தம் எடுக்கும்போது தங்கையை உள்ளே விடுவார்களோ?

பழைய மிஸி:
வார்ட் சிஸ்டரை இன்றைக்கே கேட்கச் சொல்லுங்கோ. குத்துகிற நேரத்தில் வாசலில் நின்று கேட்டால் 'இல்லை' என்றுதான் வரும்.