பரண்ல கெடச்ச வெள்ளி செட், கால் திருகுனா கழறுது, எதுக்கு செஞ்சது இது?

தெற்குபஜார்:
அண்ணாச்சிமாரே, ஆச்சி வீட்டு பரண்ல ஒரு பழைய தோல்பெட்டி கெடச்சுது, ஜியோமெட்ரி பாக்ஸ விட கொஞ்சம் பெருசு. உள்ள வெல்வெட் துணியில குழி குழியா இருக்கு, ஒவ்வொரு குழியிலயும் ஒரு சாமான். கால் வச்ச குட்டி கிண்ணம் ஒண்ணு, காலை திருகுனா தனியா வந்துருது, கிண்ணத்துக்கு உள்பக்கம் மட்டும் தங்க முலாம். அது வாய் மேல சரியா உக்காருற சின்ன தட்டு, வெள்ளி மூடி போட்ட கண்ணாடிக்குப்பி, அப்புறம் ஒரு வட்ட டப்பி. அந்த டப்பியிலதான் ஆச்சி வெத்தலைக்கு சுண்ணாம்பு வச்சிருந்திருக்காங்க. தாத்தா எதோ பங்களா ஏலத்துல எடுத்ததாம். சித்தப்பா, தொரைமாரு பயணத்துல சாராயம் குடிக்க வச்சிருந்ததுங்காரு. அத்தை இத கடையில போட்டு கொலுசு எடுக்கணும்னு நிக்கா. யாருக்காவது தெரியுமா?

தாமிரபரணித்தண்ணி:
அடியில முத்திரை இருக்கா பாருங்க. இ.பி.என்.எஸ்.னு எழுத்து இருந்தா வேற உலோகத்து மேல பூசுன வெள்ளி முலாம்தான். சாராயம்னா தட்டு எதுக்கு, அதான் இடிக்கி.

தெற்குபஜார்:
லென்ஸ் வச்சு பாத்தேன். நடக்குற சிங்கம், சிறுத்தை மூஞ்சி, ஒரு எழுத்து, ஒரு பொம்பளை தலை. தட்டு நடுவுல ஐ.எச்.எஸ்.னு பின்னி எழுதி சிலுவை போட்டிருக்கு.

நாசரேத்காரன்:
தம்பி, அது சாராய செட்டு இல்ல, படுக்கையில கெடக்குறவங்களுக்கு வீடு தேடிப்போயி திருவிருந்து, அதான் கிறிஸ்தவங்க ஏசு நெனைவா எடுக்குற அப்பமும் திராட்சரசமும், கொடுக்குற செட். ஐ.எச்.எஸ்.ங்கது ஏசு பேரோட சுருக்கம். டப்பி அப்பத்துக்கு, குப்பி திராட்சரசத்துக்கு, தட்டு அப்பத்தை எடுத்து வைக்க. ரசத்துல புளிப்பு இருக்குல்லா, அது வெள்ளியை தொடக்கூடாதுன்னுதான் கிண்ணத்துக்கு உள்ள மட்டும் தங்கம் பூசுறது. காலை கழத்துற மாதிரி செஞ்சது பெட்டியில அடங்கணும்னுதான், அதே கிண்ணம் சர்ச் பீடத்துக்குன்னா இவ்வளவு சின்னதாவும் இருக்காது, மரையும் தேவைப்படாது.
சிங்கம்னா ஸ்டெர்லிங், ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. சிறுத்தை மூஞ்சி லண்டன். தலை முத்திரை வரி கட்டுனதுக்கு அடையாளம், 1890-ஓட நிப்பாட்டிட்டாங்க, பொம்பளை தலைன்னா விக்டோரியா ராணி. அந்த ஒத்தை எழுத்துதான் வருஷம், தெளிவா போட்டோ போடுங்க, பட்டியல்ல பாத்து சொல்லுதேன்.
நம்ம திருநெல்வேலி சீமையில இது ரொம்ப புழங்குன சாமான். மிஷனரிமாருல ரேனியஸ் பாளையங்கோட்டை வந்தது 1820, கால்டுவெல் இடையன்குடி போனது 1841. அப்புறம் ஊரூரா சபை வந்துட்டு, ஊர் சபையை பாத்துக்குற உபதேசியார் இருப்பாரு, ஜெபம் பண்ணுவாரு, ஆனா திருவிருந்து கொடுக்க பட்டம் பெத்த ஐயர், அதான் பாதிரியார்தான் வரணும், அவரு தேரிமணல்ல வண்டி கட்டி வந்துசேர நாளாகும், சாகக்கெடக்குறவன் கோயிலுக்கு வரமுடியுமா, அதான் பெட்டியோடயே வருவாரு. எத்தனையோ பேரு கடைசியா வாய் வச்ச கிண்ணம் அது. தயவுசெஞ்சு உருக்க கொடுத்துராதீங்க.

தாமிரபரணித்தண்ணி:
கடையில எடைக்குத்தான் காசு தருவான், முத்திரையும் பெட்டியும் அவன் கணக்குலயே வராது. விபூதி போட்டு பளபளன்னு தேச்சிராதீங்க, முலாம் போயிரும், முத்திரையும் மழுங்கிரும்.

தெற்குபஜார்:
அத்தைகிட்ட வாசிச்சு காட்டிட்டேன், கொலுசு பேச்சு நின்னுட்டு. டப்பியில சுண்ணாம்பு காஞ்சு ஒட்டிக்கெடக்கே, எப்படி எடுக்க?

நாசரேத்காரன்:
கத்தி போட்டு சுரண்டாதீங்க. வெதுவெதுப்பான தண்ணியில ஊறப்போட்டு, எளகுனதை மட்டும் மூங்கில் குச்சியில பஞ்சு சுத்தி எடுங்க. வராதது அப்படியே இருக்கட்டும். நல்லா ஈரம் போக தொடச்சிட்டுத்தான் பெட்டிக்குள்ள வைக்கணும்.