மாத்திரைக் கணக்கில் இங்கிலீஷ் லாங் வவல் வருமா?

தங்கச்சிமடம் டீச்சர்
மூன்றாம் வகுப்புக்கு இங்கிலீஷ் லாங் வவல், அதாவது நெட்டுயிர், தொடங்கணும். குறில், நெடில் நம்ம பிள்ளைகளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. 'ஷிப்'புக்கு ஒரு தட்டு, 'ஷீப்'புக்கு இரண்டு தட்டு. 'ஃபுல்', 'ஃபூல்' அதே மாதிரி. மாத்திரைக்குக் கைதட்டியே முடிச்சிடலாம்ங்கிறது என் கட்சி. மறுப்பு இருந்தா சொல்லுங்க.

கீழக்கரை ஃபோனிக்ஸ்
மறுப்பு இருக்கு டீச்சர். 'பிட்' கடைசியில் இங்கிலீஷ் ஈ எழுத்தைச் சேர்த்தா 'பைட்'. இகரத்தை எவ்வளவு இழுத்தாலும் ஐ வராது. 'கட்' அப்படித்தான் 'க்யூட்' ஆகுது. தமிழ் நெடில்னா அதே ஒலிக்கு இரட்டை நேரம். அங்கே லாங்னா எழுத்து தன் பெயரையே சொல்லுது: ஏ, ஈ, ஐ, ஓ, யூ. இங்கிலாந்தில் ஏறக்குறைய 1400-லிருந்து 1700 வரைக்கும் நெட்டொலிகள் இடம் மாறிக்கிட்டே இருந்தன. நடுவில் 1476-ல் காக்ஸ்டன்ங்கிறவர் அங்கே முதல் அச்சுக்கூடம் வச்சார். எழுத்துக்கூட்டல் மெல்ல உறைஞ்சது, ஒலி தன் போக்கில் போயிருச்சு.

தங்கச்சிமடம் டீச்சர்
ஐ தமிழிலும் நெடில்தானே காக்கா? 'கெட்', 'கேட்' அப்படியே எ, ஏ. காதுக்குப் பழகின வழியை ஏன் அடைக்கணும்?

கீழக்கரை ஃபோனிக்ஸ்
காது சரி, கைதான் தப்பும். 'கேட்' என்பது 'கெட்'டோட நெடில்னு நம்பின பிள்ளை இன்னொரு ஈ போட்டு ஜி-ஈ-ஈ-டின்னு எழுதும். அதைப் படிச்சா 'கீட்'. சரியான எழுத்து ஜி-ஏ-டி-ஈ, அதோட ஜோடி வேற எழுத்து.

இன்னொன்று, நோட்டில் சொல்லுக்கு அடியில் தமிழில் உச்சரிப்பு எழுதுறதை நிறுத்துங்க. குழாய்க்கும் 'டேப்', ஒட்டுற நாடாவுக்கும் 'டேப்'னு எழுதி வச்சிருக்கும். குழாய்ச் சொல்லில் வர்ற இங்கிலீஷ் ஏ எழுத்தோட குறுகிய ஒலிக்குத் தமிழில் எழுத்தே கிடையாது. எந்த வித்தியாசத்தைச் சொல்லித் தர்றோமோ, அதையே அந்த வரி அழிச்சிடுது.

தேவிபட்டினம் ட்யூஷன்
எதுக்கு இவ்வளவு? ரெண்டு வவல் சேர்ந்து வந்தா முதலாவது பேசும், ரெண்டாவது சும்மா இருக்கும். இந்த ஒரு விதி போதும்.

கீழக்கரை ஃபோனிக்ஸ்
போதாது தம்பி. அமெரிக்காவில் தியோடர் கிளைமர்ங்கிற வாசிப்பு ஆய்வாளர் 1963-ல் தொடக்கநிலைப் பாடச் சொற்களில் அந்த விதியைச் சோதிச்சப்ப 45 சதவீதம்தான் தேறுச்சு. தனித்தனி ஜோடியா எடுத்தா கதையே வேற: ஓ-ஏ 97, ஈ-ஈ 98. கெடுக்கிறதில் முக்கியமானது ஈ-ஏ. 'சீ', 'பீச்' சரியா வரும்; 'பிரெட்', 'ஹெட்', 'கிரேட்' மாட்டிவிடும். அதைக் கடைசியில் வைங்க.

சொல்லுக்கு எங்கேயும் போக வேண்டாம், கரையிலேயே இருக்கு. நடுவில் ஏ-ஐ: 'செய்ல்', 'டெய்ல்'. கடைசியில் ஏ-ஒய்: 'பே'. இங்கிலீஷ் சொல் ஐ எழுத்தில் முடியுறது அபூர்வம், அதனால்தான் ஒய். நடுவில் ஓ-ஏ: 'போட்', 'கோஸ்ட்'. கடைசியில் ஓ-டபிள்யூ: 'புளோ', ஆனா 'கவ்' இதே எழுத்துதான், எச்சரிக்கை. மண்டபத்துப் பிள்ளைக்குக் கடற்பாசி தெரியும். 'சீவீட்' எழுதச் சொல்லுங்க: முன்பாதி ஈ-ஏ, பின்பாதி ஈ-ஈ, ஒலி ஒன்றே.

தங்கச்சிமடம் டீச்சர்
அப்ப முதல் பாடம் எது? 'பைட்' கடைசியில் வர்ற பேசாத ஈயா? அதுக்கும் விதிவிலக்கு ஏராளமாச்சே.

கீழக்கரை ஃபோனிக்ஸ்
அதேதான். கிளைமர் கணக்கில் அது 63 சதவீதம். ஆனாலும் அதிலிருந்துதான் தொடங்கணும், ஏன்னா ஒரே அட்டையில் வேலை முடியும். 'பிட்', 'ஹாப்', குழாய் 'டேப்' மூன்றையும் எழுதி வைங்க. ஈ அட்டையைக் கடைசியில் வச்சா ஒரு வாசிப்பு, எடுத்தா இன்னொன்று. பிள்ளையே நகர்த்தணும். சரளமானதும் 'மிப்', 'மிப்-ஈ'ன்னு பொருளில்லாத சொல் கொடுங்க. மனப்பாடமா, புரிஞ்சுதான்னு அங்கே தெரிஞ்சிடும்.

'ஹேவ்', 'கிவ்', 'லவ்' மூன்றும் தனிப் பெட்டி. வி எழுத்தில் சொல்லை முடிக்கிறது இங்கிலீஷ் வழக்கமில்லை; அந்த ஈ, வி-க்குக் காவல் நிற்குது, வவலுக்கு இல்லை. இதைச் சொல்லிட்டா பிள்ளை குழம்பாது.

பிறகு ஈ-ஈ, ஏ-ஐ, ஓ-ஏ. அதுக்கப்புறம் ஐ-ஜி-எச், 'லைட்ஹவுஸ்' சொல்லே போதும்.

தங்கச்சிமடம் டீச்சர்
வரிசையை ஏத்துக்கிறேன். ஆனா 'ஷிப்', 'ஷீப்'புக்குக் கைதட்டலை விடமாட்டேன், அங்கே அது நல்லாவே வேலை செய்யுது.

கீழக்கரை ஃபோனிக்ஸ்
அது ஒன்றுக்கு வச்சுக்கங்க, நாக்கோட நிலையும் மாறுதுன்னு தெரிஞ்சா போதும். 'ஃபுல்', 'ஃபூல்' மட்டும் இந்தப் பாடத்தில் வேண்டாம். யு எழுத்தோட லாங் 'க்யூப்'பில் வர்றது. ஆர், எல்லுக்குப் பின்னால் 'ரூல்', 'ஃப்ளூட்'னு யகரம் உதிர்ந்திடும். ஓ-ஓ வேற பாடம், 'புக்', 'மூன்' ரெண்டுமே அதே எழுத்து.